சூப் கொட்டினாலும் வழுக்காத தரை

டைல்ஸ் கடைக்காரர் ஒருவருக்கு மாமனார் வீட்டில் எவ்வளவு மரியாதை என்பதை அந்த வீட்டுத் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். நம்மவருடைய மாமனார் வீடு கட்டியபோது, மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்காமல் எதிர்த்தெருக் கடையில் டைல்ஸ் வாங்கிப் போட்டுவிட்டார். "சொந்தத்துல வாங்கினா மனஸ்தாபம் வரும்" என்று சமாதானம் வேறு. அந்த வழவழத் தரையில் அவரே வழுக்கி விழுந்தபோது குடும்பமே சிரித்தது. மாப்பிள்ளைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? அவர் லேசுப்பட்ட வியாபாரி இல்லை. 'கொட்டிப் பாரு' என்பது கடைத்தெருவில் அவருக்குப் பட்டப்பெயர். தரைக்கு டைல் கேட்டு யார் வந்தாலும், அதன்மேல் எண்ணெயைக் கொட்டி, ஷூ காலோடு தானே நடந்து காட்டுவார். பிறகு சுத்தியலைத் தூக்கிப் போடுவார். வழுக்கினாலோ உடைந்தாலோ அந்த ரகம் தரைக்கு லாயக்கில்லை, சுவருக்குத்தான். அவர் கடைச் சுவர் முழுக்க அப்படித் தோற்றுப்போன அழகிகள்.

ஜப்பானியச் சமையல் கற்றுக்கொண்டு உணவகம் திறக்கவிருந்த மச்சினி, அக்காவின் நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் கடைக்கு வந்தாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மாமனார் குடும்பத்திலிருந்து தரை கேட்டு வந்த முதல் ஆள்! இதில் ஜெயித்துவிட்டால், மாமனாரும் ஒருநாள் வாய் திறந்து கேட்டுவிட மாட்டாரா?

"பார்த்ததும் கண்ணுல அறையணும் அத்தான். அந்தப் பளபள கருப்பு இருக்கே, அதைக் குடுங்க."

"சோயா சாஸ் கொண்டுவந்தியா?"

அக்கா எச்சரித்து அனுப்பியிருந்ததால் கொண்டுவந்திருந்தாள். அத்தான் கொட்டினார், காலை வைத்தார், சர்ரென்று போய் விற்பனைக்கு வைத்திருந்த கைகழுவும் தொட்டியைக் கட்டிப்பிடித்து நின்றார்.

"பாத்தியா?" என்றார் அங்கிருந்தே, வெற்றிக் களிப்போடு.

கடைசியில் கருப்பில் செங்கல் சிவப்பு அலைகள் புரளும் பெரிய டைல் ஒன்று கிடைத்தது. கண்ணில் அறைந்தது. நல்ல சொரசொரப்பு. சாஸ், எண்ணெய், சூப், சுத்தியல் எதற்கும் அசையவில்லை. ஷூ காலோடு அதன்மேல் குதித்தே காட்டிவிட்டார்.

திறப்புக்கு முன் குடும்பத்துக்கு மட்டும் ஒரு விருந்து வைத்தாள் மச்சினி. மாமனார் வாசலிலேயே நின்று தரையை ஏற இறங்கப் பார்த்தார். மாப்பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷூவைக் கழட்டிட்டு வாங்க எல்லாரும். இங்க தரையில மெத்தை போட்டு உக்காந்துதான் சாப்பிடணும்" என்றாள் மச்சினி.

மாப்பிள்ளை குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். கழற்றுவதா? அத்தனை சோதனையும் ஷூ காலோடு அல்லவா செய்தார்! மச்சினியும் அடுப்படி ஷூவைக் கழற்றாமலே வளைய வந்தவள். அந்தத் தரையில் ஒருவரும் வெறுங்கால் வைத்ததில்லை.

மாமியார் முதல் அடியிலேயே "ஐயோ" என்றாள். மனைவியின் காலுறையில் நூல் பிரிந்து கூடவே வந்தது. மாமனார் முள்காட்டில் நடப்பதுபோல் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்தார்.

"இதுக்குத்தான் அவளைக் கடைக்கு அனுப்பச் சொல்லி என்னை அந்தப் பாடு படுத்துனீங்களா?" என்று மனைவி பல்லைக் கடித்தாள்.

"தப்பு என்னோடதுதான். காலை மறந்துட்டேன்" என்றார் அவர். வேறென்ன சொல்ல? மானம் கப்பலேறிவிட்டது.

எல்லோரும் ஒருவழியாக உட்கார்ந்தார்கள். மாமியாரின் கை பட்டுச் சூப் கிண்ணம் கவிழ்ந்தது. மடியில் வழியாமல் தப்பிக்க மாமனார் துள்ளி எழுந்தார். இரண்டு காலையும் சரியாகச் சூப்பிலேயே வைத்தார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டாள். சத்தமே கேட்காததால் மெல்லத் திறந்து பார்த்தாள்.

மாமனார் நட்ட கம்பமாக நின்றுகொண்டிருந்தார்.

"வாசல்ல எல்லாருக்கும் மெத்துனு செருப்பு வாங்கி வச்சிடறேன் அத்தான். தரை இதுதான், மாத்த மாட்டேன்" என்றாள் மச்சினி.

மாமனார் ஈரக் காலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, நம்ம வீட்டு பாத்ரூமுக்கு என்ன போடலாம்?"

எத்தனை வருடமாக ஏங்கிய கேள்வி! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தொழில் தொழில்தான்.

"குளிக்கும்போது ஷூ போடுவீங்களா மாமா?" என்று கேட்டார்.