வெண்டலின் மெஷின் முன்னால் நின்ற வரிசை

லாய்ட் கிரபோவ்ஸ்கிக்குப் பொறாமை என்பது நேற்று வந்த வியாதியல்ல. பக்கத்து வீட்டுக்காரர் பனி தள்ள மோட்டார் வண்டி வாங்கினால், இவர் மண்வாரியைக் கையில் பிடித்தபடி ஜன்னல் வழியே முறைத்துக்கொண்டு நிற்பார். சர்ச்சில் இன்னொருவர் சுட்டுவந்த சாசேஜுக்கு நாலு பேர் சபாஷ் போட்டால், அன்றைக்கு இவர் வீட்டில் சாப்பாடு இறங்காது. மற்றபடி தங்கமான மனுஷன்தான். சிகாகோவில் முக்கால்வாசி உயரக் கட்டடங்களின் லிஃப்டுகளில் அவர் கை பட்டிருக்கிறது. ஓய்வு பெற்றபின் பக்கத்து ஊரான பெர்வினில் சொந்த வீடு, நல்ல மனைவி, வீட்டின் கீழறையில், கண்ணாடிக்கடியில் ஓடும் இரும்புப் பந்தைத் தட்டி விளையாடுகிற ஒரு பின்பால் மெஷின். போதாதா ஒரு மனுஷனுக்கு? போதவில்லை.

அந்த மெஷினின் பெயர் ‘மிட்நைட் ஃபெர்ரி’. மூடிப்போன ஒரு பந்துருட்டும் கூடத்தில் எலி குடித்தனம் நடத்திய நிலையில் கிடந்ததைத் தூக்கிவந்தார். வருஷக்கணக்காக உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியையும் மாற்றினார். உதிர்ந்துபோன சாயத்தை மெல்லிய தூரிகையால் தீட்டினார். இப்போது அதன் கண்ணாடியில் முகம் பார்த்து முடி வாரிக்கொள்ளலாம்.

ஒவ்வோர் அக்டோபரும் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் பின்பால் கண்காட்சி நடக்கும். ஆளாளுக்குத் தங்கள் மெஷினை வண்டியில் ஏற்றிவந்து பெரிய கூடத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். காசு போடவேண்டியதில்லை, உள்ளே வந்தவர் எதிலும் விளையாடலாம். கடைசி நாள் மதியம், வந்தவர்கள் தங்களுக்குப் பிடித்த மெஷினின் பெயரைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். ஜெயித்த மெஷினுக்கு நீல ரிப்பன். அந்த ரிப்பன்தான் லாய்டுக்கு வேண்டும். போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் அதைத் தட்டிக்கொண்டு போனவர் வெண்டல் புரூயிட்.

வெண்டல் மில்வாக்கியில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அவருடைய ‘லம்பர்ஜாக்’ ஏதோ மதுக்கடையில் கிடந்த சாமான். பக்கப் பலகை முழுக்க சிகரெட் சுட்ட தழும்பு. நாலு காலில் ஒரு கால் வேறு நிறம். “அதைப் போய் ஒரு மெஷின்னு சொல்றாங்களே” என்று லாய்ட் வருகிற வழியெல்லாம் புலம்பினார். வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி லொரைன், “ம்” என்றாள். எத்தனையோ வருஷமாக அவள் சொல்லிவரும் அதே “ம்”.

கடைசி நாள் காலையிலிருந்தே லாய்ட் துணியும் கையுமாகத் தன் மெஷின் பக்கத்தில் காவல் நின்றார். இண்டியானாவிலிருந்து வந்த ஒரு நர்ஸ் ஆசையாக வந்து நின்றார்.

“மோதிரத்தைக் கழட்டிடுங்களேன், கண்ணாடி கீறிடும்” என்றார் லாய்ட்.

கழற்றினார். பந்து உருண்டது. இரண்டு குட்டி மட்டைகளும் படபடவென்று அடித்தன.

“ரெண்டையும் சேர்த்துத் தட்டாதீங்க. பந்து எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் மட்டும். இல்லல்ல, இப்ப வேணாம். இப்ப. போச்சு, விட்டுட்டீங்க.”

அடுத்த பந்துக்கு நர்ஸ் லேசாக இடுப்பால் மெஷினை ஒரு தள்ளு தள்ளினார். பொசுக்கென்று விளக்கெல்லாம் அணைந்தது. ஆட்டம் முடிந்தது.

“என்னாச்சு?”

“ஆட்டிட்டீங்க. ஆட்டினா அணைஞ்சிடும்.”

“நான் மூச்சுதாங்க விட்டேன்” என்று சொல்லிவிட்டு நர்ஸ் மோதிரத்தை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

பின்பால் மெஷினுக்குள்ளே ஒரு வளையத்துக்கு நடுவில் சின்னக் குண்டு ஒன்று தொங்கும். யாராவது ரொம்ப முரட்டுத்தனமாக ஆட்டினால் அது வளையத்தில் இடித்து ஆட்டத்தை நிறுத்திவிடும். எவ்வளவு ஆட்டம் தாங்கலாம் என்பதை உரிமையாளர் திருகிவைத்துக்கொள்ளலாம். தும்மினால்கூட அணைகிற மாதிரி வைத்திருந்தார் லாய்ட். பெற்ற பிள்ளையை எவனாவது பிடித்து உலுக்க விடுவார்களா?

மதியம் நெருங்கியது. லாய்ட் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். “சாண்ட்விச் வாங்கிட்டு வரேன், உனக்கும் சேர்த்து” என்று லொரைன் கிளம்பிப் போனாள். கூடத்தின் அந்தக் கோடியில் வெண்டலின் மெஷினுக்கு முன்னால் ரேஷன் கடை மாதிரி வரிசை நின்றது. அப்படி என்னதான் வைத்திருக்கிறான் என்று பார்க்க லாய்ட் போனார்.

வெண்டலுக்கு வாயெல்லாம் பல். “வாய்யா லாய்ட், நீ எதுக்கு வரிசையில நிக்கிறே? நம்மாளு ஒருத்தர் வந்திருக்கார், கொஞ்சம் வழி விடுங்கப்பா.”

குற்றம் கண்டுபிடிக்கத்தான் லாய்ட் பந்தை விட்டார். முழங்காலால் ஓர் இடி இடித்தார். அணையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். அப்போதும் அணையவில்லை, விழப்போன பந்து துள்ளி மேலே ஏறியது. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒரு கணம் லாய்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவருக்கு ஆகவில்லை. பந்தை அப்படியே விட்டுவிட்டு நேராகக் கண்காட்சி நடத்தும் கெயிலிடம் போனார்.

“அவன் குண்டையே கழட்டிப் போட்டிருப்பான் கெயில். இது அநியாயம்.”

கெயில் மைக்கைக் கீழே வைத்தாள். “லாய்ட், அது அவன் மெஷின். அவன் இஷ்டத்துக்கு வெச்சுக்கட்டும். உன்னுதையும் கொஞ்சம் தளர்த்திவிடேன். காலையிலேருந்து நாலஞ்சு பேர் வந்து, ஃபெர்ரி ரிப்பேரான்னு என்னைக் கேட்டுட்டாங்க.”

ரிப்பேரா. அவருடைய ஃபெர்ரியா. லாய்ட் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினார். அப்போதுதான் அந்தச் சிரிப்பு கேட்டது.

லொரைனின் சிரிப்பு. தொண்டைக்குள் அடக்குகிற சிரிப்பல்ல. வயிறு குலுங்கச் சிரிக்கிற சிரிப்பு. அது அவளிடம் இன்னும் மிச்சம் இருக்கிறதென்றே அவருக்குத் தெரியாது. வெண்டல் அவளுக்கும் வழிவிடச் சொல்லியிருக்க வேண்டும், வரிசையின் முன்னால் நின்றாள். கைப்பை தரையில் கிடந்தது. முடி கலைந்திருந்தது. மெஷினை இடுப்பால் இடித்து, “ஏறுடா, ஏறு, எங்கடா ஓடறே” என்று பந்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். வெண்டல் அவளைப் பார்க்கக்கூட இல்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். லாய்டுக்காக வாங்கிய சாண்ட்விச்.

“இங்க என்ன பண்றே?” என்றார் லாய்ட்.

“பாத்தா தெரியல? அய்யய்யோ, பேச்சுக்குடுத்துக் கெடுத்துட்டியே.” பந்து விழுந்துவிட்டது. அதற்கும் சிரித்தாள். “இது இவ்வளவு நல்லா இருக்கும்னு யாருமே எங்கிட்ட சொல்லல லாய்ட்.”

அவளைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துவந்தார். சீட்டுப் போட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்று கெயில் மைக்கில் கத்திக்கொண்டிருந்தாள். லொரைனின் கையில் சீட்டு வெறுமையாக இருந்தது.

“ஃபெர்ரின்னு எழுதிப் போடு” என்றார்.

“அதெப்படி? விளையாடின மெஷினுக்குத்தான் போடணும்னு சீட்டு குடுக்கறப்பவே சொன்னாங்க.”

“நம்ம வீட்டு மெஷின் லொரைன்.”

“நம்ம வீட்டுதுதான். நான் எப்ப விளையாடினேன்?”

லாய்ட் நினைவைத் துழாவினார். கிறிஸ்துமஸுக்கு அவளுடைய தங்கை வந்தபோது? இல்லை, அப்போது கண்ணாடி மாட்டியிருக்கவில்லை. சாயம் காய்ந்த அன்று? அன்றைக்கு அவள் கீழறை வாசலில் நின்று பார்த்தாள்; உள்ளே வராதே, தூசு வரும் என்று இவர்தான் சொன்னார். எவ்வளவு யோசித்தும் ஒரு நாள்கூட அகப்படவில்லை.

“சரி, இப்ப விளையாடு” என்றார். குரல் இறங்கிவிட்டது. “அதுக்கென்ன, விளையாடு. நான் தள்ளி நிக்கிறேன்.”

நிஜமாகவே இரண்டடி தள்ளி நின்றார். துணியைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார்.

லொரைன் கைப்பையைத் தரையில் போடவில்லை; தோளிலேயே மாட்டிக்கொண்டாள். கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். மெஷினை நெருங்கி, இரண்டு கையையும் தூக்கி, மட்டைகளை இயக்கும் பொத்தான்களைத் தொடாமல் காற்றிலேயே நிறுத்தினாள். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபமில்லை, குத்தலில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“எதையெல்லாம் தொடலாம், லாய்ட்?”