தர்ஷினிக்காக அம்மா எழுதிய பரீட்சை

சென்ற வாரம் சூலூர் பக்கம் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து, பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்று வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து நடக்கும் நேரம். 'உயர்கல்வி வழிகாட்டி முகாம்' என்று பேனர் கட்டியிருந்தது. பத்திரிகை வேலையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். கேள்வி உண்டா என்றேன். ஒரே ஒரு கை எழுந்தது. அதுவும் ஓர் அப்பாவின் கை.

"ஏனுங்க சார், இதுல பென்ஷன் வருமுங்களா?"

வராது என்றேன். அதோடு என் துறை முடிந்தது.

அடுத்து, ஆர்வத்தை அறியும் தேர்வு. அறுபது வாக்கியங்கள் அச்சடித்த தாள். ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று டிக் செய்ய வேண்டும். ஜெயந்தி டீச்சர் அதை லேப்டாப்பில் ஏற்றினால், எந்தத் துறை பொருந்தும் என்று ஒரு பக்கம் பிரிண்ட் வரும். மாணவிகள்தான் எழுத வேண்டும் என்று டீச்சர் மைக்கில் இரண்டு முறை சொன்னார்.

மேடையில் சும்மா உட்கார்ந்தால் எதையாவது எண்ணுவது என் பழைய தொழில் புத்தி. பதினைந்து பெஞ்ச். பெஞ்சுக்கு ஒரு மாணவி, பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ. நான்கு பெஞ்சில் பேனா மாணவியின் கையில் இருந்தது. மற்ற பதினொன்றில்...?

பதினைந்து வயதுப் பெண்ணைக் கோவை காந்திபுரத்துக்குத் தனியாக பஸ் ஏற்றி அனுப்புகிறோம். கேஸ் சிலிண்டர் மாற்றச் சொல்கிறோம். தம்பியை அவள் பொறுப்பில் விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போகிறோம். பேனாவை மட்டும் நம்பிக் கொடுப்பதில்லை.

மேடைக்கு நேர் கீழே, முதல் பெஞ்சில் மகேஸ்வரி. திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர், அவருக்குக் கீழே நாற்பது பெண்கள் என்று டீச்சர் காதோடு சொன்னார். மகள் தர்ஷினி நல்ல மார்க். அம்மாவுக்கு பயாலஜி குரூப், பிறகு டாக்டர் என்பதில் மாற்றமில்லை. மகளுக்குப் புவியியல் பிடிக்கும். அது ஆர்ட்ஸ் குரூப்பில்தான் இருக்கிறது. இத்தனை மார்க் வாங்கிப்போட்டு ஆர்ட்ஸ் குரூப்பா என்று சொந்தக்காரர்கள் கேட்க மாட்டார்களா? அன்று மாலைக்குள் விண்ணப்பத்தில் குரூப்பை எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

மகேஸ்வரி வாக்கியங்களைச் சத்தமாகவே படித்தார்.

"'புதியவர்களிடம் தயங்காமல் பேசுவேன்.' பேசாம பின்ன?" டிக்.

"அம்மா, அது நீயி. நான் பேச மாட்டேன்."

"டாக்டராயிட்டா பேசித்தான கண்ணு ஆகோணும். உன்ற எழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்குது, சும்மா இரு. 'தகராறு வந்தால் இரு பக்கமும் கேட்டு முடித்து வைப்பேன்.' தெனமும் அதுதான பொழப்பு." டிக். "'ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும்.' ஆமா சாமி." டிக்.

கடைசி டிக் எங்கே விழுந்தது என்பதை மகேஸ்வரி கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். மகளும் கவனித்தாள். வாயைத் திறக்கவில்லை.

அரை மணி நேரத்தில் பிரிண்ட் வந்தது. டீச்சர் படித்தார்.

"ஆளுகளை நடத்தறது, பேரம் பேசறது, நியாயம் சொல்றது... இதுல எல்லாம் தர்ஷினி ரொம்ப மேல இருக்கறாங்க. சட்டம், நிர்வாகம் நல்லாப் பொருந்துது. மருத்துவம்... கடைசி இடமுங்க."

"கம்ப்யூட்டர் தப்புங்க டீச்சர்."

"அவ எழுதுனதைத்தானுங்கம்மா அது சொல்லுது."

ஒப்புக்கொண்டால் டாக்டர் போச்சு. மறுத்தால், எழுதியது யார் என்று சொல்ல வேண்டும். இந்த மாதிரி முட்டுச்சந்தில் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பேட்டிக்காகப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் தண்ணீர் கேட்பார்கள். மகேஸ்வரி கேட்கவில்லை.

"அவ எழுதலீங்க. நாந்தான் எழுதிப்போட்டேன்."

டீச்சர் சிரிக்காமல் ஒரு புதுத் தாளை எடுத்து தர்ஷினியிடம் கொடுத்தார். அம்மாவை வெளியே இருக்கச் சொன்னார். நானும் மேடையிலிருந்து இறங்கி வராந்தாவுக்குப் போனேன். மகேஸ்வரியின் கண் முழுக்க ஜன்னலில்.

"நீங்க பத்து முடிச்சப்ப யாருங்க வழி சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லுவாங்க? ரிசல்ட் வந்த மறுவாரம் கம்பெனி வேன் ஊட்டு முன்னாடி வந்து நின்னுதுங்க. ஏறிட்டேன்." ஜன்னல் வழியே மகளைக் காட்டினார்: "இவளுக்காக எந்த வேனும் வந்து நிக்கக் கூடாதுங்க சார். அதுக்குத்தான் எல்லாத்தையும் நானே எழுதிப்போடறது."

உள்ளேயிருந்து டீச்சர் கூப்பிட்டார்.

இரண்டாவது பிரிண்ட். வரைபடம், திசை, அளவு ஆகியவை மேலே. நில அளவை, நகரத் திட்டமிடல், புவியியல் பொருந்தும் என்றது. மருத்துவம் நடுவில் எங்கோ. தர்ஷினி எழுதிய தாளை மகேஸ்வரி திருப்பினார். பின்பக்கம் பென்சிலில் ஒரு படம்.

"இதென்ன அம்மணி?"

"நம்ம பஸ் ரூட்டு. எழுதி முடிச்சு நேரமிருந்துது."

"வேகத்தடையெல்லாம் போட்டிருக்கற?"

"ஒவ்வொண்ணுலயும் நீ டிரைவரைத் திட்டுவியல்ல? அத வெச்சுத்தான் எண்ணுனேன்."

மகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"மேப் போடறவங்களுக்கு வேலை இருக்குங்களா சார்?"

"செல்போன் வழி சொல்லுதில்லீங்களா? அந்த வழியை யாராவது போட்டிருக்கணுமே."

"பென்ஷன்?"

"எங்க வேலைக்கு எவ்வளவோ தேவலைங்க."

விண்ணப்பம் வந்தது. பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்தவர் அதை மகள் பக்கம் தள்ளினார்.

"எழுது. உங்கப்பங்கிட்ட நான் பேசிக்கறேன்."

பேரம் பேசுவதில் முதலிடம் என்று கம்ப்யூட்டரே சொன்ன பிறகு, அந்த அப்பாவின் கதி எனக்குத் தெரிந்துவிட்டது. தர்ஷினி குரூப்பை எழுதினாள். கோழி கிளறிய எழுத்துதான்.

டீச்சர் முதல் பிரிண்டைக் கசக்கப் போனார்.

"கசக்காதீங்க டீச்சர். அது என்னுதுங்க." மகேஸ்வரி அதை வாங்கி, முந்தானையில் வைத்து நீவினார். "இந்தச் சட்டம் படிக்கறதுன்னா... என்னுங்க பண்ணோணும்?"

டீச்சர் அவரை ஒரு கணம் பார்த்தார். "முதல்ல பிளஸ் டூ முடிக்கோணுங்கம்மா. பள்ளிக்கூடம் வராமலே பரீட்சை எழுதலாம். நான் விசாரிச்சு வெக்கறேன். இந்த நோட்டுல பேரும் நம்பரும் எழுதுங்க."

தர்ஷினி பேனாவோடு நோட்டை இழுத்தாள். "இரும்மா, நான் எழுதறேன்."

"எம் பேரை எனக்கு எழுதத் தெரியும். நகரு."

தன்னுடையதைத் தானே எழுதியவர்கள் நான்கு பேர் என்று மேலே சொல்லியிருந்தேன். திருத்தம்: ஆறு.