சிவந்தி போட்ட இரண்டு கையெழுத்து

214.

இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொசஸ்தலை ஆற்றில், எண்ணூர் ரயில் பாலத்துக்கும் முகத்துவாரத்துக்கும் நடுவில், தண்ணீரில் இறங்கிப் பிழைக்கிற ஆட்களின் கணக்கு அது. 2003-ஆம் வருடத்துக் கணக்கு. அதிகாரி எடுத்ததில்லை. கம்பெனி எடுத்ததில்லை. எடுத்தவள் சிவந்தி. அவளுக்கு எழுதத் தெரிந்தது அவள் பெயர் ஒன்றுதான்.

சிவந்தி இறால் தடவுகிறவள். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் மண்டி போட்டால் தண்ணீர் கழுத்துக்கு வரும். அப்படியே இரண்டு கையையும் சேற்றில் விட்டுத் துழாவிக்கொண்டு போக வேண்டும். விரலில் இறால் தட்டினால் அமுக்கிப் பிடித்துப் பறியில் போட வேண்டும். பறி என்பது பனையோலையில் முடைந்த பை. கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். இருபது வருடம் கடித்ததில் சிவந்தியின் முன்பல் இரண்டும் சாய்வாகத் தேய்ந்துவிட்டன. தண்ணீரில் இருக்கும்வரை பேச முடியாது. கரையேறினால் அவளை நிறுத்த முடியாது. புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பு போய் உட்கார்ந்துவிட்டான். அந்த வீட்டில் உலை கொதிப்பது அவளுடைய பறியால்தான்.

தொண்ணூற்றிரண்டில் குப்பத்துக்கு அறிவொளி வகுப்பு வந்தது. பகல் முழுக்க சேற்றில் கிடந்த பெண்கள் சாயங்காலம் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். முக்கால்வாசிப் பேர் பாதியில் எழுந்துபோனார்கள். சிவந்தி எழுந்துபோகவில்லை, ஆனால் தன் பெயரைத் தாண்டியும் போகவில்லை. அந்தப் பெயரை அவ்வளவு அழகாகப் போடுவாள். ரேஷன் கடையில் மைப்பெட்டியை நீட்டினால் தள்ளிவிட்டுப் பேனா கேட்பாள். அவளோடு ஆற்றில் இறங்குகிற பூவம்மா இதற்காகவே அவளைக் கிண்டல் செய்துகொண்டிருப்பாள்.

“எவன் பேப்பர் நீட்னாலும் போட்டுடுவா. செவுத்துல போஸ்டர் ஒட்னா அதுலயும் போட்டுட்டு வந்துடுவா.”

கிண்டல் பலித்துவிட்டது.

ஆற்றுக்கு அடியில் ஒரு எரிவாயுக் குழாய் போகிறது. எழுபத்தொன்பதில் போட்டது. துருப்பிடித்துவிட்டது, எடுத்துவிட்டு வேறு போட வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்தது. அதற்கு ஆற்றைக் குறுக்கே மணல் மூட்டை போட்டுத் தடுத்து, அடிச்சேற்றை வெட்டி, பதினோரு மாதம் ஆற்றின் அந்தத் துண்டையே மூடிவைக்க வேண்டும். மூடுவதற்கு முன்னால் சுற்றுச்சூழல் ஆய்வு நடத்த வேண்டும் என்பது சட்டம். தண்ணீர் எப்படி, மீன் எவ்வளவு, யார் பிழைப்பு கெடும், எல்லாவற்றையும் பார்த்து எழுத வேண்டும்; அதை வைத்துத்தான் அனுமதி. கம்பெனி ஒரு ஆய்வு நிறுவனத்தை அமர்த்தியது. அவர்கள் ஆற்றுக்கு ஒதுக்கியது இரண்டு நாள்.

முதல் நாள் விடியற்காலையில் கிருஷ்ணப்பன் செத்துப்போனார். குப்பத்தில் மூத்த வலைக்காரர். அந்த ஊரில் சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கும்வரை யாரும் ஆற்றில் கை வைக்க மாட்டார்கள். எதிர்க்கரை ஆட்களும் மாட்டார்கள். அவருடைய மகன் விசாகப்பட்டினத்தில் விசைப்படகில் இருந்தான். அவன் வந்து சேர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் ஆறு சும்மா கிடந்தது. ஆய்வு நடந்ததும் அந்த இரண்டு நாள்தான்.

சாவு வீட்டுக்கு டீ வாங்கக் கேனோடு ரோட்டுக்குப் போன சிவந்தி திரும்பும்போது, கரையில் ஒருவர் அட்டையும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தார். பாட்டிலில் தண்ணீர் பிடித்துவைத்திருந்தார். இங்கே மீன் பிடிக்கிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று மரியாதையாகக் கேட்டார்.

“ஆத்துல ஒரு ஆளு கெடியாது சார். நாளிக்கும் எறங்க மாட்டாங்க” என்றாள்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஏன் என்று இவளும் சொல்லவில்லை. முப்பது அடி தூரத்தில் மேளம் அடித்துக்கொண்டிருக்கிறது, தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருக்கிறது. இதைப் பார்க்கிற ஆளுக்கு சாவு வீடு என்று தனியாகச் சொல்வார்களா? அவர் எழுதினார். பார்த்ததற்கு சாட்சியாக ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். கம்பெனிக் காகிதமா என்று கேட்டாள். தண்ணீர் ஆராய்ச்சி என்றார். சிவந்தி கேனைக் கீழே வைத்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி அழகாகப் போட்டாள். டீ ஆறிவிட்டது என்று சாவு வீட்டில் திட்டு வாங்கினாள்.

கம்பெனிக் காகிதமா என்று அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. எழுபத்தொன்பதில் குழாய் போட்டபோது கம்பெனி ஆட்கள் வீடு வீடாக நுழைந்து தனித்தனியாகக் கையெழுத்து வாங்கினார்கள். சிலருக்கு வேலை என்றார்கள், சிலருக்கு இல்லை என்றார்கள். குப்பம் இரண்டாகப் பிரிந்து மண்டையை உடைத்துக்கொண்டது. அதோடு ஊர் ஒரு கட்டுப்பாடு போட்டது. கம்பெனிக் காகிதத்தில் தனி ஆள் கையெழுத்து போடக்கூடாது. ஊருக்கு ஒரே கையெழுத்து, அது தலைவருடையது. மீறினால் ஒரு மாதம் ஆற்றில் இறங்கக்கூடாது.

ஐந்து மாதம் கழித்து அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் வந்தது. டீக்கடையில் வைத்து உரக்கப் படித்தது சங்கத்துக்காரனான நான்தான். “ஆய்வு நாட்களில் இப்பகுதியில் மீன்பிடித் தொழில் காணப்படவில்லை. பாதிக்கப்படும் மீனவர்: 0. உள்ளூர்வாசி ஒருவரால் உறுதி செய்யப்பட்டது.” கடைசிப் பக்கத்தில் அந்தக் கையெழுத்தின் நகல் இருந்தது. நகலுக்கு நகல் எடுத்து மை அப்பிக் கிடந்தது. பெயர் தெரியவில்லை.

ஊர்த் தலைவர் பக்தவச்சலம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எவன் போட்டது என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. சிவந்தியும்தான். மை அப்பினாலும் தன் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா?

அன்றைக்குப் பூவம்மாவிடம் மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கேட்டாள்: “நான் பொய் சொல்லலியே பூவு. அன்னிக்கி யாரும் எறங்கலதான? நெசத்ததான சொன்னேன்?”

“நெசந்தான்.”

“அப்பறம் எப்டி அது பொய்யாச்சு?”

இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். என்னைக் கேட்டார்கள். நான் இருபத்திரண்டு வருடம் சங்க வேலை பார்த்தவன், எத்தனையோ நோட்டீஸ் எழுதியவன். காகிதத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். அந்தக் காகிதத்தில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. இரண்டு நாள் பார்த்தார்கள், யாரும் இல்லை, யாரும் இல்லை என்று எழுதினார்கள். சண்டை போட ஒரு பொய்யாவது வேண்டும் அல்லவா?

சிவந்தி அடுத்த பத்து நாளும் இறால் குறைவாகத்தான் பிடித்தாள். கரையில் நின்று ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பைத்தியம் பிடித்ததா என்று பூவம்மா திட்டினாள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒரு ஆளுக்கு ஒரு மட்டிச் சிப்பி ஓடு என்று ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டிருக்கிறாள். வலைக்காரன், தூண்டில்காரன், மட்டி பொறுக்குகிறவள், இறால் தடவுகிறவள், எதிர்க்கரை ஆட்கள், எல்லாருக்கும் ஒவ்வொன்று. தனக்கும் ஒன்று. ஒரு பாட்டில் போதாமல் இரண்டாவது வந்தது. ஓட்டைக் கொட்டி எண்ணியவன் நான். இரண்டு தடவை எண்ணினேன். 214.

அறிக்கைமேல் மக்கள் கருத்தைக் கேட்கும் பொது விசாரணை திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடையில் அதிகாரி, கம்பெனி ஆட்கள், ஒரு மைக். முந்தின நாள் கல்யாணத்துக் காகிதப் பூ இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. குப்பமே வந்திருந்தது. நாங்கள் சங்கத்து ஆட்களும் கொடியோடு வந்திருந்தோம்.

பக்தவச்சலம் முதலில் போனார். ஊர் முத்திரை குத்திய ஒரு கடிதம் கொடுத்தார். ஊர் மக்கள் அனைவருக்கும் இந்த ஆறுதான் பிழைப்பு என்று அதில் இருந்தது, அவர் ஒருவருடைய கையெழுத்தும் இருந்தது. அதிகாரி படித்துவிட்டுத் தன்மையாகவே சொன்னார். அனைவர் என்று எழுதினால் எத்தனை பேர் என்று பதிவு செய்ய முடியாது. அறிக்கையில் பூஜ்யம் என்று இருக்கிறது, அதற்கு உள்ளூர்வாசியின் கையெழுத்தும் இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் அந்தக் கையெழுத்து ஏன் வந்தது என்று தெரிய வேண்டும்.

“அது எங்க ஊரு ஆளே கெடியாது” என்றார் பக்தவச்சலம். “எங்க ஊர்ல தனியா எவனும் கையெழுத்து போட மாட்டான்.”

அந்த இடத்தில் சிவந்தி எழுந்தாள். பூவம்மா அவள் புடவையைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன். வாயைத் திறந்தால் ஒரு மாதம் ஆறு கிடையாது, உலை கிடையாது. திறக்காவிட்டால் அந்தப் பூஜ்யம் அப்படியே நிற்கும், பதினோரு மாதம் யாருக்கும் ஆறு கிடையாது. புடவையை உருவிக்கொண்டு மைக்குக்குப் போனாள். இரண்டு பாட்டிலையும் மேஜைமேல் வைத்தாள்.

“அந்தக் கையெய்த்து என்துதான் சார். தலைவரே, மன்னிச்சுக்க. அன்னிக்கி சாவு. பொணம் எட்க்கறவரிக்கும் ஆத்துல கை வெக்க மாட்டோம். அந்த சார் யாராவது கீறாங்களான்னாரு. இல்லன்னேன். மேளம் அட்ச்சிகினு கீது, அவருக்குக் காது கேக்காதான்னு நென்ச்சேன். இதுல எரநூத்திப் பதினாலு ஓடு கீது. ஒரு ஓடு ஒரு ஆளு. எண்ணிக்க சார்.”

பக்தவச்சலம் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

அதிகாரி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஓட்டைக் குறிப்பில் ஏற்ற முடியாது என்றார். ஆனால் வழி இருக்கிறது என்று ஒரு பெரிய நோட்டை விரித்தார். ஆற்றில் தொழில் செய்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து பெயர், முகவரி, கையெழுத்து போடட்டும். கையெழுத்து தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கட்டும். எத்தனை பேர் வைக்கிறார்களோ அத்தனை பேரையும் சேர்க்கச் சொல்கிறேன் என்றார்.

பக்தவச்சலம் எழுந்தார். “எழுவத்தொம்போதுலயும் இப்டித்தான் ஒரு நோட்ட விரிச்சீங்கோ. ஊருக்கு ஒரே கையெய்த்து. அத குட்த்தாச்சு.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். ஊர் அவர் பின்னால் நடந்தது. பூவம்மாவும் போனாள், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நாங்கள் என்ன செய்தோம் என்றும் எழுத வேண்டும். வாசலில் நின்று கோஷம் போட்டோம். நன்றாகவே போட்டோம், ரோட்டில் பஸ் நின்றது. கோஷத்தை எந்த நோட்டிலும் எண்ணுவதில்லை என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். இருந்தும் உள்ளே போய் ஒரு ஆளைக்கூட நான் நோட்டுப் பக்கம் தள்ளவில்லை. தலைவர் செய்தது சரியா தப்பா என்று அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. எழுபத்தொன்பதில் உடைந்த மண்டைகளில் ஒன்று அவருடையது.

உள்ளே சிவந்தி மட்டும் நின்றாள். நீங்கள் மீன் பிடிக்கிறவர்தானா என்று அதிகாரி கேட்டதற்கு, எறா தடவறேன் என்று தேய்ந்த பல்லைக் காட்டினாளாம். பேனாவை வாங்கினாள். இரண்டாவது கையெழுத்தையும் அழகாகத்தான் போட்டிருப்பாள்.

ஊர் கூடியது. கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடு. முதல் கையெழுத்து தெரியாமல் போட்டது, இரண்டாவது தெரிந்தே போட்டது. ஒரு மாதம் ஆறு கிடையாது. பக்தவச்சலம் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, அவள் வீட்டுக்கு அரிசி அனுப்பினார். சிவந்தி அதை வாங்கிக்கொண்டாள். கோபமா என்று கேட்டேன். “யார் மேல நைனா கோவப்படறது? எல்லாரும் சரியாத்தான் பேசறாங்கோ. எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கல” என்றாள்.

கம்பெனி அவசரத்தில் இருந்தது. பதினெட்டாம் நாளே திருத்திய அறிக்கை வந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். சிவந்தி காய்ந்த பறியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீர் வற்றிய நேரம். பாலத்திலிருந்து முகத்துவாரம் வரை ஆறு முழுக்கத் தலைகள். பூவம்மா பறியைக் கடித்துக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டினாள்.

“மாத்திட்டாங்களா? பூஜ்யம் போயிட்ச்சா?” என்று கேட்டாள் சிவந்தி.

போய்விட்டது என்றேன்.

“அப்பால இன்னா போட்டுக்கீறாங்கோ?”

அந்த வரியைப் படித்துக் காட்டினேன். பாதிக்கப்படும் மீனவர்: 1.