முதல் ரிவோல்வரும் அதன் திறப்பும்

2003ஆம் ஆண்டு கோடையில் ஜேர்மனியை விட்டு லண்டனுக்கு வந்தபோது என்னோடு மூன்று விஷயங்கள் வந்தன: ஜேர்மன் மொழி, குளிரூட்டி திருத்தும் தொழில், ஞாயிற்றுக்கிழமைகளில் குறிபார்த்துச் சுடும் பழக்கம். லண்டனில் நாங்கள் குடியேறிய பிளேஸ்டோவில் முதலாவது யாருக்கும் தேவைப்படவில்லை. இரண்டாவது சோறு போட்டது. மூன்றாவதால் வீட்டில் வந்த கதையைத்தான் எழுதுகிறேன்.

ஜேர்மனியில் நாங்கள் இருந்த சிற்றூரில் சுடும் சங்கம் என்பது நம்மவரின் விளையாட்டுக் கழகம் போல. வேலையிடத்தில் கூப்பிட்டார்கள், போனேன், பிடித்துவிட்டது. துப்பாக்கி சங்கத்தின் சொத்து. அது ஒருநாளும் எங்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஆகவே என் மனைவியும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

லண்டனில் சட்டம் வேறு. 1997இல் சாதாரணக் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்துவிட்டார்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு முறையில், தோட்டா இல்லாமல், சுழலும் உருளையின் ஒவ்வொரு அறைக்கும் முன்பக்கத்தால் வெடிமருந்திட்டு நிரப்பும் ரிவோல்வருக்குத் தடையில்லை. பொலிஸ் அனுமதிப் பத்திரம் எடுத்தால் புதிதாகச் செய்த ஒன்றை வாங்கி வீட்டிலேயே இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்திருக்கலாம். இதை வாசித்து அறிந்ததும் சட்டன் என்ற ஊருக்கு அப்பால் மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு கிளப்பில் சேர்ந்தேன்.

கிளப்பின் செயலாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, தபால் ஊழியர். முதல் நாளே மேசையில் மூன்று ரிவோல்வர்களைப் பரப்பிவிட்டு, "கண்ணால் வாங்காதே, கையால் வாங்கு," என்றார். ஒன்றின் உடற்சட்டம் பித்தளை. பார்க்க அழகு, ஆனால் சுடச்சுடத் தளர்ந்துவிடும். இன்னொன்று உருக்கு, ஆனால் உருளைக்கு மேலே திறந்த மாதிரி. கழற்ற வேண்டுமானால் ஆப்பு ஒன்றைத் தட்டி எடுத்துக் குழலையே பிரிக்க வேண்டும். மூன்றாவது உருக்கு, உருளைக்கு மேலாகவும் சட்டம் ஓடியது. ஓர் ஊசியை இழுத்தால் உருளை உள்ளங்கையில் வந்து விழும். முதல் ரிவோல்வர் வாங்குபவர் யார் கேட்டாலும் இன்றும் தயங்காமல் மூன்றாவதையே சொல்வேன்.

குழலின் விட்டத்தில், அங்குலத்தை நூறாகப் பிரித்தால், நாற்பத்துநாலு, முப்பத்தாறு என்று இரண்டு அளவு. நான் நாற்பத்துநாலைத் தெரிவுசெய்தேன். ஆண்பிள்ளைக்கு அதுதானே என்று நினைத்ததைத் தவிர வேறு காரணம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

ரிவோல்வர் வாங்கப்போவதை வீட்டில் சொன்னபோது மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எங்கட வீட்டுக்குள்ள துவக்கோட வந்தவை ஒருத்தரும் கேட்டுப்போட்டு வரேல்லை," என்றாள். "நீங்கள் எண்டாலும் கேக்கிறியள். அதுக்காக நான் ஓம் எண்டு சொல்லுவன் எண்டு நினைக்காதேங்கோ."

போர்க்காலத்தில் ஊரில் அவளுடைய வீட்டை அரச இராணுவம், அமைதிப்படை, இயக்கம் என்று மூன்று தரப்பும் சோதனை போட்டிருக்கின்றன. எந்தத் தரப்பு எந்த ஆண்டு என்று எனக்குத் தெரியும். திகதிகளை மறக்காதவன் நான். அவளுக்கு வந்தவர்களின் சப்பாத்துக் காலடிச் சத்தம்தான் ஞாபகம்.

இரண்டு கிழமை கழித்து அந்தப் பேச்சை அவளே எடுத்தாள்.

"அலுமாரித் திறப்பு என்னட்டை இருக்கோணும். அப்ப எண்டால் சரி. எனக்கு நித்திரை வரோணும், அவ்வளவுதான்."

இதைவிட இலகுவான நிபந்தனை உண்டா? எங்கள் ஆட்களின் வீடுகளில் எல்லாத் திறப்பும், அதாவது சாவியும், எப்போதும் வீட்டுக்காரியிடம்தான். காணி உறுதிப் பத்திரம், நகை, கடவுச்சீட்டு எல்லாம் அவளுடைய திறப்புக்கோர்வைக்குள் அடக்கம். நான் வேலைக்கு ஓட்டும் வானின் திறப்பைக்கூடக் காலையில் கேட்டுத்தான் வாங்குவேன். சந்தோசமாகத் தலையாட்டினேன். இரும்பு அலுமாரி வாங்கிச் செங்கல் சுவரில் நானே திருகாணி முடுக்கிப் பொருத்தினேன். கூடவே வந்த இரண்டு திறப்புகளும் அவளுடைய கோர்வைக்குப் போயின.

2005 வசந்தத்தில், அனுமதிக்கு விண்ணப்பித்த பின்னர், பொலிஸ் பகுதியிலிருந்து ஓர் அதிகாரி வீட்டைப் பார்க்க வந்தார். தன்மையான மனிதர். அலுமாரியைப் பிடித்து உலுப்பினார், அசையவில்லை. மனைவி தேநீரும் கறி வைத்துப் பொரித்த பற்றிஸும் வைத்தாள். பற்றிஸில் ஒன்றைக் கடித்துக்கொண்டே, "திறப்பை எங்கே வைக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டார்.

எனக்கு முன்னதாக மனைவி கோர்வையைத் தூக்கிக் காட்டினாள். நானும் பெருமையாக, "எப்போதும் மனைவியிடம்தான். நானே கேட்டுத்தான் எடுக்க வேண்டும்," என்றேன். இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாட்டை எந்த அதிகாரியும் கண்டிருக்கமாட்டார் என்றே நம்பினேன்.

அவர் பற்றிஸைத் தட்டில் வைத்தார்.

"அப்படியானால் நான் இதைச் சிபாரிசு செய்ய முடியாது," என்றார். அனுமதி உள்ளவரைத் தவிர வேறெவரும் அலுமாரியைத் திறக்கக்கூடாது, திறப்பு இருக்கும் இடத்தை மனைவிகூட அறிந்திருக்கக்கூடாது என்று பொறுமையாக விளக்கினார்.

மனைவி ஆங்கிலத்தில் கேட்டாள்: "என் வீட்டில், எனக்குத் தெரியாத திறப்பா?"

"சட்டம் அப்படி, அம்மணி."

"அப்போ துவக்கு வேண்டாம்." இதைத் தமிழில் எனக்குச் சொன்னாள். அவருக்கும் விளங்கியிருக்கும்.

வாசலில் சப்பாத்துப் போடும்போது அதிகாரி, விண்ணப்பத்தை இன்னும் மூடவில்லை, இருவரும் யோசியுங்கள் என்றார். ஒரே துப்பாக்கிக்குக் கணவன் மனைவி இருவருமே அனுமதி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை குட்மேய்ஸில் கடை வைத்திருக்கும் மனைவியின் தம்பி வந்தான். கதையைக் கேட்டுக் கதிரையில் சாய்ந்து சிரித்தான்.

"அத்தான், பொலிஸ்காரன் கேட்டா 'என்னட்டை' எண்டு சொல்லுறதுக்கென்ன? பிறகு அக்காட்டைக் குடுத்தால் ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றாள் மனைவி. "பொய் சொல்லி வைக்கிற துவக்கைத்தான் ஊரில கனக்கக் கண்டனாங்கள்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நானும் எழுதிப் போடுறன்."

"என்னத்தை?"

"அனுமதிக்கு. அந்தாள் சொன்னது கேக்கேல்லையோ? ரெண்டு பேருக்கும் எண்டால் திறப்பு என்னட்டை இருக்கலாம்."

"உமக்குச் சுடத் தெரியாதே."

"உங்களுக்கு இட்டலி அவிக்கத் தெரியாது. நான் அவிச்சா ஓடிவந்து தின்னேல்லையோ? எல்லாம் பழகினால் ஏலும்."

"அக்கா, கடைப்பக்கம் கோவமா வந்திடாதை," என்றான் தம்பி.

அடுத்த ஞாயிறு கிளப்பில் விருந்தாளிகளும் வந்து சுடக்கூடிய நாள். செயலாளர் மனைவியின் கையில் என்னுடைய தெரிவான நாற்பத்துநாலை வைத்தார். குழல் நுனி மெல்ல மெல்லத் தரையை நோக்கிச் சாய்ந்தது. செயலாளர் அதை வாங்கிவிட்டு அதே மாதிரியில் முப்பத்தாறைக் கொடுத்தார். குழல் சற்றுக் குட்டை, உதையும் குறைவு. அது சாயவில்லை.

நிரப்புவதை மனைவி கூர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு அறைக்கும் அளவாக வெடிமருந்து, அதன் மேல் சமையல் ரவை, அதன் மேல் ஈயக் குண்டு, நெம்புகோலால் அழுத்தி அறையின் வாயில் கொழுப்புப் பூச்சு. குறிக்குச் சுட மருந்து கொஞ்சம் போதும். மிஞ்சும் இடைவெளியை நிரப்பத்தான் ரவை. இங்கிலாந்துக் கிளப்புகளில் இது சர்வசாதாரணம்.

"இது வறுக்காத ரவை," என்றாள் என்னிடம். "மணக்கேல்லை."

"உப்புமாவுக்கில்லையப்பா."

"இவ்வளவு நேரம் எடுத்துச் சுடுறதுக்கிடையில எதிரி பஸ் எடுத்து வீட்டை போயிடுவான்."

"அதுதான் இதைத் தடைசெய்யாம விட்டுவைச்சிருக்கினம்."

அவள் சிரித்தாள். அந்த விஷயத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு காதுக்கவசத்தைப் போட்டுக்கொண்டு நின்றாள். செயலாளர் அருகில் நின்றார். நான் பின்னால். ஊரில் ஒரு வெடிச் சத்தத்துக்கு நிலத்தில் விழுந்து பழகிய உடம்பு அவளுடையது. இங்கேயும் விழுந்தால் ரிவோல்வர் ஆசை அதோடு முடியும், இனி எந்த அதிகாரியும் எந்தத் திறப்பும் தேவைப்படாது.

வெடித்தது. வெண்புகை எழுந்து அவளை மறைத்தது. புகை கலைந்தபோது அவள் நின்றபடியே நின்றாள். கண்ணைக்கூட மூடவில்லை என்று செயலாளர் பிறகு சொன்னார். மிச்சக் குண்டுகளையும் சுட்டு முடித்து, ரிவோல்வரைச் சொன்னபடி மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

"சத்தம் பெரிசு," என்றாள். "ஆனா எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியுது. நான் இழுத்தாத்தான் வரும்."

பிளேஸ்டோவில் வானை நிறுத்தியபோது, "முப்பத்தாறு நல்லது," என்றாள். நாற்பத்துநாலு அங்கேயே முடிந்தது. எனக்கும் கவலையில்லை. பிற்பாடு ஒப்பிட்டுப் பார்த்ததில் என் குண்டுகளும் முப்பத்தாறில்தான் நெருக்கமாக விழுந்தன.

கிளப்பில் புது உறுப்பினருக்கான பயிற்சி மாதங்களை அவளும் ஒழுங்காக முடித்து விண்ணப்பித்தாள். அந்த வருடக் கடைசியில் அதே அதிகாரி மறுபடி வந்தார். மறுபடியும் பற்றிஸ். மறுபடியும் அதே கேள்வி. இம்முறை நான் வாயைத் திறக்கவில்லை.

"என்னிடம்," என்றாள் மனைவி.

அவர் எழுதிக்கொண்டு இன்னொரு பற்றிஸ் எடுத்தார்.

2006 தொடக்கத்தில் ரிவோல்வர் வீட்டுக்கு வந்தது: உருக்கு, மூடிய சட்டம், முப்பத்தாறு. இரண்டு அனுமதிப் பத்திரங்களிலும் அதே துப்பாக்கியின் இலக்கம். சட்டப்படி இப்போது ஒரு திறப்பை நானும் வைத்திருக்கலாம். கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வான் திறப்போடு சேர்த்து அதையும் கேட்டு வாங்குகிறேன். சில ஞாயிறுகளில் கேட்கத் தேவையில்லை. ரவைப் போத்தலையும் எடுத்துக்கொண்டு அவளே முன்னால் போய் வானில் ஏறியிருப்பாள்.