கீழ்வீட்டு இளவரசர்

மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு ஜெர்மன் இளவரசர். இன்று சொன்னால் பேரப்பிள்ளைகள் நான் கதை விடுவதாகச் சிரிக்கிறார்கள்.

கீழ்த்தளத்தில் அவர் தனியாக இருந்தார். கியூபெக்காரியான மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. வாழ்நாளெல்லாம் ஹீற்றர் திருத்தும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அழைப்புமணியின் பக்கத்தில் ‘பிரின்ஸ்’ என்று எழுதியிருந்தது. ராசா என்ற பெயரில் எனக்கே இரண்டு மச்சான்மார் இருந்ததால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஒரு தைப்பொங்கலுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். என் மனைவி பரிமாறிவிட்டு ஒதுங்கி நின்றாள். அவர் தட்டைத் தொடவில்லை. உறைப்புக்குப் பயப்படுகிறாராக்கும் என்று நினைத்தேன். கேட்டபோது, வீட்டுக்கார அம்மா உட்காராமல் தான் சாப்பிடுவதில்லை என்றார்.

"நீங்கள் சாப்பிடுங்கோ, நான் பேந்து சாப்பிடுறன்" என்றாள் அவள். நான் ஆங்கிலத்தில் சொல்லியும் அவர் அசையவில்லை. கடைசியில் அவள் வெட்கத்தோடு ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். கல்யாணமான நாள் தொட்டு அன்றுதான் முதன்முதலாக நானும் அவளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குத்தான் தன் கதையைச் சொன்னார். அவருடைய தகப்பனார் ஒரு சிறிய சமஸ்தானத்தின் கடைசி அரசர். இவர் பிறக்குமுன்னரே ஜெர்மனியில் முடியாட்சி ஒழிந்து, பட்டம் வெறும் குடும்பப் பெயராகிவிட்டது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது மாளிகையும் கைவிட்டுப் போக, ஒரு பெட்டியோடு கப்பலேறி மொன்றியல் வந்தாராம்.

நாங்கள் குடிவந்து சில வருடங்களுக்குப் பின் அந்தச் சமஸ்தானத்து ஊர்க்காரர் அவரைத் தேடிப்பிடித்தார்கள். மாளிகை அருங்காட்சியகமாகிவிட்டது, அதில் ஒரு பகுதியில் வந்து கடைசிவரை இருக்கலாம் என்று அழைத்தார்கள். கோடையில் போனார். இனி வரமாட்டார் என்று நினைத்து என் மனைவி விமான நிலையத்தில் அழுதாள்.

இலை பழுக்கத் தொடங்குமுன்னரே திரும்பி வந்து நின்றார். ஏன் என்று கேட்டேன். வாசற்படியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"நான் பிறந்த அறையில் கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். எனக்காக அதை அவிழ்த்துவிட்டு எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு உள்ளே போக மனம் வரவில்லை. நல்ல மனிதர்கள்தான். ஆனால் என் மனைவியைத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை."

அதன்பின் அவர் எங்கும் போகவில்லை. நாங்களும் வீடு மாறவில்லை. எங்கள் பிள்ளைகள் அவரோடு பிரெஞ்சில் சண்டை பிடித்து, அவரிடமே கணக்குப் படித்து வளர்ந்தார்கள்.

ஒரு பங்குனி மாதம் படுக்கையிலேயே போய்விட்டார். இறுதிச் சடங்குக்குத் தேவாலயத்துக்கு நாங்களும் அவரோடு வேலை செய்த நாலைந்து கிழவர்களும் வந்திருந்தோம். ஜெர்மனியிலிருந்து ஒரு பெரிய மலர்வளையம் வந்திருந்தது. அதன் பட்டுநாடாவில் அவருடைய நீண்ட பட்டப்பெயர் பொன்னெழுத்தில் இருந்தது. கிழவர்களில் ஒருவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, இது வேறு யாருக்கோ வந்தது, இடம் மாறிவிட்டது என்று என் காதில் சொன்னார்.

இல்லை, இவருக்குத்தான் என்றேன். அந்தக் கிழவர் சவப்பெட்டியைப் பார்த்துவிட்டு நாடாவை இன்னொரு தரம் வாசித்தார்.

இப்போது மொன்றியலின் மேற்குப் பக்கம், டொலார்ட்டில் இருக்கிறோம். அந்தத் தெருப்பக்கம் போக நேர்ந்தால் மனைவி காரை மெதுவாக ஓட்டச் சொல்லுவாள்.