வாரண்டி முடிந்த காரும் தால்ச்சா வாளியும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதக் காலையில் வாடிப்பட்டியிலிருந்து மதுரை போகும் நான்குவழிச் சாலையில் நடந்தது இது.

எங்கள் ஊர் வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கணவருக்கு வளைகுடாவில் வேலை. வீட்டில் நானும் மாமாவும், அதாவது கணவரின் அப்பாவும்தான். மாமாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டதால் வாரத்தில் மூன்று நாள் மதுரைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போக வேண்டும். பஸ் ஏறி இறங்கும் தெம்பு அவருக்கு இல்லை. அதற்காகவே கணவர் விடுமுறையில் வந்தபோது ஒரு பழைய டீசல் காரை வாங்கி, எனக்கு ஓட்டவும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். ஓட்டம் அதிகம், டீசல்தான் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டார். விற்றவர்கள் ஒரு வருட வாரண்டியும் கொடுத்தார்கள்.

அந்த ஒரு வருடமும் வண்டி அடிக்கடி மக்கர் செய்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் விளக்கு எரியும், இழுவை குறையும். கொண்டுபோய் விட்டால் ஏதோ ஒரு சென்சாரை மாற்றிக் கொடுப்பார்கள். கொஞ்ச நாள் ஓடும், மறுபடி அதே கதை. வாரண்டி முடிந்த பிறகு போனால், "இனி இன்ஜெக்டர், டீசல் பம்ப் எல்லாத்தையும் கழட்டிப் பாக்கணும் மேடம். செலவு உங்களோடதுதான்" என்று சொல்லிவிட்டார்கள்.

கொடுத்துவிட்டு வேறு வண்டி மாற்றலாம் என்றேன். கணவருக்கு மனசே வரவில்லை. "இம்புட்டு செலவு பண்ணியாச்சு, இந்த ஒரு தடவ பாத்துருவோம்" என்றார். அந்த ஒரு தடவையும் பார்த்தோம். பார்த்த பிறகு வந்ததுதான் அந்தப் பங்குனி மாதக் காலை.

சமயநல்லூரை நெருங்கும்போது விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி கேட்கவில்லை. ஓரங்கட்டுவதற்குள் அணைந்தே போனது. எத்தனை முறை சாவியைத் திருகியும் உயிர் வரவில்லை. மாமாவுக்கு இரண்டு நாளாகவே கால் வீங்கி, மூச்சும் வாங்கிக்கொண்டிருந்தது. நேரத்துக்குப் போகாவிட்டால் மெஷினை அடுத்த நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்கள். டாக்ஸிக்குப் போன் செய்தால் மதுரை காளவாசலிலிருந்துதான் வர வேண்டும் என்றார்கள். பஸ்களோ கை காட்டினாலும் நிற்காமல் பறந்தன. மாமா கதவைத் திறந்து வைத்து, முன்னால் குனிந்து உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு சின்னக் கார் எங்களைத் தாண்டிப் போய், பிறகு மெதுவாகப் பின்னோக்கி வந்து நின்றது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு முஸ்லிம் தம்பதி. அந்த அண்ணனுக்கு மதுரைக்குள் பாத்திரக்கடையாம். புதிதாகக் கல்யாணம் செய்து கொடுத்த மகளின் மாமியார் வீட்டுக்கு மதிய விருந்து எடுத்துப் போகிறார்கள். பின்சீட்டை மடக்கிவிட்டு இரண்டு அண்டா பிரியாணி. முன்சீட்டில் அந்த அக்காவின் மடியில், பிரியாணிக்கு ஊற்றிக்கொள்ளும் தால்ச்சா வாளி. கார் முழுக்க வாசனை.

விஷயத்தைக் கேட்டதும் அண்ணன், "பெரியவர நான் கொண்டுபோய் விடுறேன் தங்கச்சி. எந்த ஆஸ்பத்திரி?" என்றார். ஆனால் அந்தக் காரில் அக்கா உட்கார்ந்திருந்த ஒரு சீட்தான் இருந்தது. நான் கூடப் போக முடியாது. முன்பின் தெரியாதவரோடு, மூச்சு வாங்கும் மனிதரைத் தனியாக எப்படி அனுப்புவது? நான் தயங்கி நின்றது அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

அக்கா வாளியோடு கீழே இறங்கிவிட்டார். "நீங்க கெளம்புங்க. நான் இந்தப் புள்ளகூட இருக்கேன்."

அண்ணன் சிரித்தார். "என் பொண்டாட்டிய ஒங்கட்ட விட்டுட்டுப் போறேன், ஒங்க மாமாவ எங்கிட்ட விடுங்க. சரியாப் போச்சுல்ல?"

அந்த நிலையிலும் மாமா சிரித்துவிட்டார். சீட்டில் உட்கார்ந்ததும், "அந்த வாளிய இங்க குடு தாயி, நான் வச்சுக்கிறேன்" என்று தானே கை நீட்டினார். கார் போனது. கண்ணிலிருந்து மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

வண்டியை இழுத்துப் போக ரெக்கவரி வண்டிக்குச் சொல்லிவிட்டு, நானும் அக்காவும் சர்வீஸ் ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு கடையின் நிழலில் உட்கார்ந்தோம். அவருக்குச் சம்பந்தி வீட்டிலிருந்து போன் மேல் போன். "வந்துட்டே இருக்கோம் மச்சி, வழியில ஒரு சின்ன வேல" என்று சம்பந்தியம்மாவிடம் சமாளித்தார். புதுச் சம்பந்தி வீட்டு விருந்து தாமதமானால் என்ன பேச்சு வரும் என்று எனக்கும் தெரியும். மன்னிப்புக் கேட்டேன்.

"இருக்கட்டும்மா, பசிச்சுச் சாப்புட்டா பிரியாணி இன்னும் ருசிக்கும்" என்றார்.

பேச்சுவாக்கில் காரின் கதையைச் சொன்னேன். எவ்வளவு செலவு, இப்போது கொடுத்தால் எவ்வளவு நஷ்டம் என்றெல்லாம் புலம்பினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப ஒவ்வொரு தடவையும் ஒங்க மாமா பயந்துக்கிட்டேவாம்மா வாராரு?"

வண்டியைப் பற்றி அத்தனை பேரிடம் பேசியிருக்கிறேன். அதில் உட்கார்ந்து வருகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் அண்ணனிடமிருந்து போன் வந்தது, அக்கா என்னிடம் கொடுத்தார். "மெஷின் போட்டுட்டாங்க தங்கச்சி. பெரியவரு நல்லாருக்காரு. நீங்க வார வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்." அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அக்கா என் முதுகைத் தடவிக் கொடுத்தார். ரெக்கவரி வண்டி வந்ததும், விருந்துக்காக உடுத்தியிருந்த பட்டுச் சேலையோடு டிரைவர் பக்கத்தில் என்னோடு இடித்துப் பிடித்து ஏறிக்கொண்டார்.

டிரைவர் எங்களை மருத்துவமனையில் இறக்கிவிட்டுப் போனார். உள்ளே மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அண்ணன் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, மாமாவின் கையை ஒரு முறை பிடித்துவிட்டு, இரண்டு பேரும் அவசரமாகக் கிளம்பினார்கள். நன்றி சொல்லக்கூடச் சரியாக வாய்க்கவில்லை.

"தால்ச்சாவ மடியில வச்சுக்கிட்டு வந்தேன். ஒரு கரண்டி வாயில வைக்கத்தான் குடுத்து வைக்கல" என்றார் மாமா. உணவுக் கட்டுப்பாடு அவருக்கு.

"மாமா, நம்ம கார்ல வாரதுக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"வீட்டுலருந்து ஆஸ்பத்திரியில எறங்குற வரைக்கும் அந்த வெளக்கத்தான் பாத்துக்கிட்டு வருவேன்" என்றார். "அவன் ஆசப்பட்டு எனக்காக வாங்குன வண்டி. எப்படித் தாயி சொல்லச் சொல்ற?"

போனில் கணவரிடம் வேறு எதுவும் சொல்லவில்லை. மாமா சொன்னதை அப்படியே சொன்னேன். "மாத்திரு. என்ன வெலைக்குப் போனாலும் சரி" என்றார்.

அந்த வாரமே காளவாசலில் பழைய கார் வாங்கி விற்கும் ஒரு ஷோரூமுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் ஏதோ செய்திருந்ததால் அன்று விளக்கு எரியவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்த ஷோரூம் பையனுக்கு வண்டி பிடித்துவிட்டது. விலையும் நன்றாகவே சொன்னான். சரி என்று வாய் வரை வந்தது. ஆனால் இந்தக் கார் நாளைக்கு யார் வீட்டு வாசலில் நிற்கும், அதில் யார் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வருவார்கள் என்ற நினைப்பும் கூடவே வந்தது. நின்றது, இழுத்து வந்தது, மாற்றிய பாகங்கள் என எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"இதெல்லாம் யாருமே சொல்ல மாட்டாங்க மேடம்" என்றான். விலையைக் குறைத்துப் போட்டான். பம்பை முழுதாக மாற்றாமல் விற்க மாட்டோம் என்று அவனுடைய மேலாளர் வந்து சொன்னார். அது போதும் என்று கையெழுத்துப் போட்டேன். பதிலுக்குச் சின்னதாக ஒரு பெட்ரோல் கார் எடுத்தோம். பகட்டாக எதுவும் இல்லாத கார்.

அதில் போன மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, பக்கத்து சீட்டில் பேச்சையே காணோமே என்று திரும்பிப் பார்த்தேன். தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, மாமா தூங்கிக்கொண்டிருந்தார். அத்தனை நாள் கூட்டிப் போயிருக்கிறேன், அந்தச் சாலையில் அவர் கண்ணை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. மெதுவாக ஓட்டினேன்.

அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் போல இருந்தார். போகும்போதும் வரும்போதும் பெரும்பாலும் தூக்கம்தான். இப்போதும் அந்த நான்குவழிச் சாலையில் ஏதாவது கார் ஓரமாக நின்றால் நானும் நிறுத்துகிறேன். வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்பதற்கு முன்னால், உள்ளே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைத்தான் பார்க்கிறேன்.