மச்சாளும் நானும் கிணற்று இலக்கங்களும்

மச்சாளை அந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. அவளுடைய அப்பா, என் மாமா, ஒருநாள் வீட்டுக்கு வந்து, "கம்பஸ் எப்ப திறக்குமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது பிள்ளை, இவள் வீட்டிலை சும்மா இருந்து விசர் பிடிக்கப் போகுது, உங்கடை இடத்திலை ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். அம்மாவின் ஒரே அண்ணர். இல்லையென்று எப்படிச் சொல்வது? "ஓம் மாமா, சேரிட்டைக் கேட்டுப் பாக்கிறன்" என்றேன். கேட்டேன். எங்கள் நிலையத்துக்குப் பொறுப்பான சேர் வரச் சொல்லிவிட்டார். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. குடாநாட்டுக் கிணறுகளில் உவர் ஏறுவதை ஆராய்கிற சிறிய நிலையம் ஒன்று மானிப்பாயில் ஒரு பழைய கல்வீட்டில் நடந்தது. அதன் பின்னறையில் ஏசி பூட்டி ஒரு கொம்பியூட்டர் வைத்திருந்தார்கள். இப்போது மடியில் வைத்துத் தட்டுகிற சாமான் இல்லை. ஒரு பெரிய பெட்டி, அதிலிருந்து வயர் இழுத்து இரண்டு திரைகள். யுனிக்ஸ் என்ற முறையில் ஓடுவது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கோப்பாயிலிருந்து சைக்கிள் மிதித்து வியர்த்து விறுவிறுத்துப் போய் அந்தக் குளிரில் இருக்கும்போது, இரண்டு தரம் சோதனை எடுத்தும் பல்கலைக்கழகம் கிடைக்காத கவலை மறந்துபோகும். ஊரில் ஒருத்தருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பது எவ்வளவு பெரிய சுகம். முதல் தரத்திலேயே கம்பஸ் கிடைத்தவள் அந்தச் சுகத்துக்குள்ளும் வந்து குந்தினாள்.

வேலை பெரிய வித்தை அல்ல. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு கோப்பு. பெயர் இங்கிலிஷ் எழுத்தில் கிணறு1, கிணறு2 என்று போகும். கிழமைக்குக் கிழமை தண்ணீர் சோதித்த விவரம் வரும். பழைய கோப்புகளைப் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டுப் புதியதை ஏற்றவேண்டும். நான் ஒவ்வொரு பெயராகத் தட்டித்தான் மாற்றுவேன். ஒரு முற்பகல் போய்விடும். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கவனமான பிள்ளை என்று சேரே சொல்லியிருக்கிறார்.

மச்சாள் வந்து கொஞ்ச நாள் எனக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பிறகு அலுமாரியில் கிடந்த தடித்த கைநூலை எடுத்து வாசித்தாள். நான் தூசி தட்ட மட்டும் எடுத்த புத்தகம் அது. அடுத்த கிழமை ஏழெட்டு வரி எழுதினாள். ஒன்றிலிருந்து தொடங்கு, அந்த இலக்கமுள்ள கோப்பின் பெயரை மாற்று, இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டு, கடைசிக் கிணறு வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய். ஷெல் ஸ்கிரிப்ட் என்று பெயராம். அந்தச் சொல்லை நான் வீட்டில் எடுப்பதில்லை, கோட்டையிலிருந்து ஆமி அடிக்கிற ஷெல்லே அம்மாவுக்குப் போதும். அவள் ஒரு பொத்தானை அமத்தினாள். என்னுடைய ஒரு முற்பகல் வேலை நான் வாயைத் திறந்து மூடுவதற்குள் முடிந்துபோனது.

"நல்லாயிருக்கெல்லோ மச்சாள்?" என்றாள்.

"ம்" என்றேன்.

அன்றிலிருந்து அவள் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து நானும் ஒளித்து ஒளித்து எழுதிப் பார்த்தேன். எனக்குக் கிணறு1க்குப் பிறகு கிணறு2 வரவில்லை. கிணறு1+1 வந்தது. பிறகு கிணறு1+1+1. நிற்பாட்டவும் தெரியவில்லை, பெயருக்குப் பின்னால் வால் வளர்ந்துகொண்டே போனது. அதற்குள் அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். திரையைப் பார்த்துவிட்டு, "சக எண்ட கூட்டல் அடையாளத்துக்கு ரெண்டு பக்கமும் இடைவெளி விடோணும் மச்சாள். இல்லாட்டி அது கூட்டாது, அப்பிடியே எழுதிப்போடும்" என்றாள். சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

சேர் அவளோடு இங்கிலிஷில் கதைக்கத் தொடங்கினார். என்னோடு தமிழில்தான். வீட்டுக்குப் போனால் அங்கேயும் அவள்தான். "உன்ரை மச்சாள் சேர்ந்தாப்பிறகு உங்கை வேலை கெதியா முடியுதாமே, மாமா சொன்னவர்" என்று அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னார். நான் சோற்றை அளைந்துவிட்டு எழும்பினேன். அவளுடைய நீளத் தலைமயிர், அவள் சைக்கிளை நிறுத்துகிற விதம், எதைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது.

அந்த நேரத்தில்தான் சேர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, வருஷக் கடைசியோடு ஒராளைத்தான் நிரந்தரமாக வைத்திருக்கலாம் என்றார். அவளுக்குக் கம்பஸ் இருக்கிறது. எனக்கு இதை விட்டால் அடுப்படியும், அம்மா கொண்டுவருகிற சாதகங்களும்தான். இந்தக் கதிரை எனக்கு வேண்டும் என்று கோப்பாய்க்குப் போகும்வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன்.

ஐப்பசி போல, கடல் நீரேரிக்கு மிகக் கிட்ட உள்ள ஒரு தோட்டக் கிணறு விடுபட்டிருப்பது தெரியவந்தது. கிணறுகளுக்கு நீரேரிப் பக்கத்திலிருந்துதான் இலக்கம் போட்டிருந்தோம். அப்படியென்றால் புதிய கிணறுதான் ஒன்று. பழைய ஒன்று இரண்டாகவேண்டும், இரண்டு மூன்றாகவேண்டும், கடைசிவரை எல்லாம் ஒவ்வோர் இலக்கம் தள்ளிப் போகவேண்டும். சேர் அந்த வேலையை அவளிடம் கொடுத்தார். என்னிடம் கேட்கவும் இல்லை.

மச்சாள் எழுதினாள், ஓட்டினாள், என்னென்ன கோப்பு இருக்கிறது என்று பார்த்தாள். ஒரேயொரு கோப்புத்தான் இருந்தது. கடைசி இலக்கத்தில், உள்ளே பழைய முதலாம் கிணற்றின் விவரத்தோடு. ஒன்றை இரண்டு என்று பெயர் மாற்றியபோது, ஏற்கனவே இருந்த இரண்டு அழிந்துவிட்டது. அதை மூன்றாக்கியபோது உண்மையான மூன்று போய்விட்டது. இப்படியே ஒரு கிணறு மற்ற எல்லாக் கிணறுகளையும் விழுங்கிக்கொண்டு கடைசிவரை போயிருக்கிறது. அழிக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கிற பழக்கம் யுனிக்ஸுக்கு இல்லை.

பொய் சொல்லமாட்டேன். எனக்கு அப்படியொரு சந்தோஷம். போனது மாதக்கணக்கான வேலை, அதில் பாதி நானே தட்டி ஏற்றியது. அதைப் பற்றி ஒரு துளி கவலை வரவில்லை. இனி வேலை எனக்குத்தான் என்று மனம் துள்ளியது. முகத்தைக் கஷ்டப்பட்டுச் சோகமாக வைத்துக்கொண்டு, "ஐயோ மச்சாள், சேருக்கு என்ன சொல்லப் போறாய்?" என்றேன்.

அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். "பள்ளிக்கூட வாங்கிலை ஒராளுக்கு இடம் விடோணுமெண்டால் கடைசியிலை இருக்கிற ஆளெல்லோ முதல் தள்ளி அரக்கோணும். நான் முன்னுக்கு இருந்த ஆளைப் பிடிச்சு மற்ற ஆளின்ரை மடியிலை தள்ளிப்போட்டன்" என்றாள். பிறகு மிகச் சாதாரணமாக, "பறவாயில்லை, ஓட்ட முதல் எல்லாத்தையும் வேறை இடத்திலை கொப்பி எடுத்து வச்சனான்" என்றாள்.

என் சந்தோஷம் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. கொப்பியைத் திரும்பக் கொண்டுவந்து, கடைசி இலக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வரச் செய்து, மத்தியானத்துக்கு முன்னம் முடித்துவிட்டாள். முடித்ததோடு நின்றாளா, சேரிடம் போய்த் தன் பிழையைத் தானே சொன்னாள். அவர் என்னைப் பார்த்து, "பிழை எல்லாரும் விடுவினம் பிள்ளை. பிழை வருமெண்டு முதலே யோசிச்சு வைக்கோணும், உம்மடை மச்சாளைப் போலை" என்றார். நான் பிழை விடாமல் இருந்தால் அது வெறும் கவனம், அவள் பிழை விட்டால் அது கெட்டித்தனம். இது எந்த ஊர் நியாயம்?

மார்கழியில் சேர் என்னை மட்டும் கூப்பிட்டார். இனி வரவேண்டாம் என்று சொல்லத்தான் என்று நினைத்துக்கொண்டு போய் நின்றேன். "தையிலையிருந்து நீர் நிரந்தரம்" என்றார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. ஒருநாளாவது அவளை வென்றுவிட்டேன். அதோடு அவர் வாயை மூடியிருக்கலாம். நல்ல மனிதர், கள்ளம் இல்லாமல் மிச்சத்தையும் சொன்னார்.

"உண்மையிலை நான் உம்மடை மச்சாளைத்தான் முதல் கேட்டனான். அவதான் சொன்னவ, 'நான் பொழுது போகாமல் வாறனான் சேர், அவளுக்குத்தான் இது வேணும், அவளுக்குக் குடுங்கோ' எண்டு. நல்ல மனசுள்ள பிள்ளை."

கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அப்படியென்றால் எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் எனக்கு வேண்டுமே. "ஓம் சேர், நல்ல பிள்ளைதான்" என்றேன்.

அன்று பின்னேரம் இரண்டு பேரும் சைக்கிளில் திரும்பினோம். அவள் அதைச் சொல்லிக் காட்டுவாள், நான் ஒரு பிடி பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். அவளோ பொங்கலுக்கு வாங்கப்போகிற சீலையின் நிறத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தாள். என்னால் அடக்க முடியவில்லை. "உன்னைத்தானாம் முதல் கேட்டவர். ஏன் வேண்டாமெண்டனி?" என்றேன்.

"அதுவோ?" என்றாள். "எனக்கு அலுத்துப்போச்சு மச்சாள். உந்தக் கிணறுகளையே எவ்வளவு நாளைக்குப் பாக்கிறது."

நான் உயிரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்கு அலுத்துப்போயிற்று. பிச்சையாகத் தந்திருந்தால் என்றைக்காவது ஒருநாள் திருப்பிக் கொடுத்து முகத்தில் எறியலாம். அலுத்துப்போனதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? மிச்ச வழி முழுக்க அவளுக்கு முன்னால் வேகமாக மிதித்துக்கொண்டு போனேன். அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

தை பிறந்து கம்பஸ் திறந்தது. அவள் போய்விட்டாள். பங்குனியில் இன்னொரு புதிய கிணறு வந்தது, இந்தமுறை நடுவில் சேர்க்கவேண்டியது. சேர் என்னிடம்தான் கொடுத்தார், கொடுக்க வேறு ஆளும் இல்லை. ஏசி சத்தத்தைத் தவிர ஒரு சத்தமும் இல்லாத அந்த அறையில் இருந்து நானே முழுவதையும் எழுதினேன். சில கிணறுகள் தூர்ந்துபோனதால் இடையிடையே இலக்கங்கள் இல்லாமல் இருந்தன. அவற்றைப் பார்த்துத் தாண்டிப் போகவும் ஒரு வரி வைத்தேன். அவள் எழுதியதில் அது இருக்கவில்லை. ஓட்டினேன். ஒரு பிழையும் வரவில்லை. மச்சாள் எழுதியதைவிட இது திறம் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். இதைப் பார்க்க அவள் இல்லையே என்ற ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது.